ஜன்னல் இல்லாத மேற்குச் சுவர்: தோட்டத்துச் சாளையைப் பழுது பார்த்தது

காங்கயத்திலிருந்து தாராபுரம் போகும் வழியில், பெரிய ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது அம்மாவைப் பெற்ற எங்கள் அப்புச்சியின் தோட்டம். வீட்டுக்குத் தெற்கே தனியாக நிற்கும் நீளமான ஓட்டுக் கட்டடத்தைச் சாளை என்போம். மாடு கட்ட, வெள்ளாமை கொட்டி வைக்க, ஏர்ச் சாமான் போட என்று கட்டியது. ஆள் குடியிருக்கக் கட்டியதல்ல. இருந்தாலும் அப்புச்சி உயிரோடு இருந்தவரை பாதி ராத்திரி அங்கேதான் கயிற்றுக் கட்டிலில் கிடப்பார்.

அப்புச்சி போனபிறகு சாளையைக் கவனிக்க ஆளில்லை. ஓடு சரிந்து, மேற்குச் சுவரின் அடி உப்பிப் போய், போன ஐப்பசி மழையில் ஒரு ஓரம் விழுந்துவிட்டது. மாமா இடித்துவிட்டுத் தகரக் கொட்டகை போடலாம் என்றார். நான் சரி செய்து பார்க்கலாம் என்றேன். "செலவு உன்னுது, வேலையும் உன்னுது மாப்ள" என்று ஒதுங்கிக்கொண்டார். ஒதுங்கினாரே தவிர, தினமும் வந்து கட்டிலைப் போட்டு உட்கார்ந்து குறை சொல்லிக்கொண்டுதான் இருந்தார்.

ஒரு ஓட்டைக்கூட எடுப்பதற்கு முன்னால் டேப்பைப் பிடித்துக் கட்டடத்தை முழுக்க அளந்து, ஒரு நோட்டில் படம் போட்டுக்கொண்டேன். பழைய கட்டடத்தில் கை வைக்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இது ஒன்றுதான்: எந்தத் துளை, எந்த மேடு, எந்தக் கறை எதற்கு என்று தெரியும்வரை எதையும் அடைக்காதீர்கள், எதையும் தேய்க்காதீர்கள். எங்கள் சாளையில் வீணாக வைத்தது என்று கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை.

நீளம் 50 அடி, அகலம் 18 அடி. கூரையின் முகட்டு மரமான மோட்டுவளை தெற்கு வடக்காக ஓடுகிறது. மேற்குப் பக்கம் நெடுக மூடிய சுவர், ஜன்னல் ஒன்றுகூடக் கிடையாது. கிழக்குப் பக்கம் நெடுகக் கல்தூண், நடுவில் சுவரே இல்லை. காரணம் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் அடிக்கும் காற்று எங்கள் பக்கம் மண்ணை வாரி முகத்தில் வீசும். மழையைக் கேரளத்திலேயே கொட்டிவிட்டுக் காற்றை மட்டும் எங்களுக்கு அனுப்புகிற மேகம் அது. வருஷத்துக்கு 600 மில்லிமீட்டரைச் சுற்றித்தான் மழை, அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில். அதனால் மேற்கே முதுகைக் காட்டி, கிழக்கே வாயைத் திறந்து உட்கார்ந்திருக்கிறது சாளை. காலை வெயில் மாட்டின் மேல் விழும், தரை காயும். மாலை வெயில் சுவரோடு நின்றுவிடும்.

உள்ளே மூன்று பங்கு. நடுவில் மாட்டுக் கட்டுத்தரை, தெற்கு முனையில் தானியம் வைக்கும் தவச அறை, வடக்கு முனையில் ஒரு இருட்டறை. இருட்டறை எதற்கு என்று எனக்குச் சின்ன வயசிலிருந்தே தெரியாது. பேய் இருக்கிறது என்று சொல்லி எங்களை உள்ளே விடமாட்டார்கள். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் வயசு. மாமாவைக் கேட்டால் சாளைக்கு நூற்றறுபது வருஷம் என்பார். ஓட்டைத் திருப்பிக் காட்டுவார்: பாசல் மிஷன் என்று பெயரும், கீழே 1865 என்றும் அச்சு இருக்கும். ஊரில் இதே ஓட்டை வைத்து வயசு சொல்கிற வீடுகள் நிறைய. ஆனால் 1865 என்பது மங்களூரில் அந்த மிஷன்காரர்கள் முதல் ஓட்டு ஆலையைத் தொடங்கிய வருஷம். அப்புறம் எத்தனை வருஷம் கழித்துச் சுட்ட ஓட்டிலும் அதே வருஷம்தான் விழும். எங்கள் கூரையில் அப்படிப்பட்டது கொஞ்சம்தான். பெரும்பாலானவற்றில் காமன்வெல்த் என்ற பெயர். முதல் உலகப் போரில் ஜெர்மனி, சுவிட்சர்லாந்துக்காரர்களின் மிஷன் சொத்தை வெள்ளைக்காரச் சர்க்கார் எடுத்துக்கொண்டு, காமன்வெல்த் டிரஸ்ட் என்ற கம்பெனி கைக்கு மாற்றியது. அப்படியானால் இந்தக் கூரை போரெல்லாம் முடிந்த பிறகு, 1920க்கு இந்தப் பக்கம் போட்டது. மாமாவுக்கு இதில் ரொம்ப வருத்தம்.

கூரைக்குத்தான் அந்த வயசு. சுவர் அதற்கும் மூத்தது. அது தெற்கு முகப்புச் சுவரின் பூச்சை உதிர்த்தபோது தெரிந்தது. நடுவில் மண், இரண்டு ஓரத்திலும் மேலே முக்கோணமாகச் செங்கல். மண்ணும் செங்கல்லும் சேரும் கோட்டைப் பிடித்துக்கொண்டு போனால், இப்போதைய கூரைச் சரிவைவிட ரொம்பச் செங்குத்தான ஒரு கோடு கிடைக்கிறது, ஏறக்குறைய 45 டிகிரி. அது பனை ஓலை வேய்ந்த காலத்துக் கூரையின் சரிவு. ஓலைக்கு அவ்வளவு சரிவு வேண்டும், தண்ணீர் நிற்காமல் ஓடினால்தான் ஓலை மக்காது. இந்தச் சீமை ஓட்டுக்கு 30 டிகிரி போதும். ஓடு போட முடிவு செய்தவர்கள் முகட்டைக் கொஞ்சம் வெட்டி இறக்கி, பக்கச் சுவரைச் செங்கல் வைத்து உயர்த்தியிருக்கிறார்கள். மேற்குச் சுவரிலும் அதே கதை. நாலரை அடி வரை மண், அதற்கு மேல் இரண்டரை அடி செங்கல். ஓலைச் சாளையாக இருந்தபோது கூரையின் கீழ் ஓரமான இறவாரம் ஒரு ஆள் நெஞ்சு உயரத்துக்குத்தான் இருந்திருக்கும், குனிந்துதான் போயிருப்பார்கள். ஆடிக் காற்றுக்கு அந்த உயரம்தான் சரி.

அந்த மண் சுவர் செங்கல் மாதிரி அறுத்து அடுக்கியதல்ல, படை படையாக வைத்தது. செம்மண்ணும் சரளையும் குழைத்து ஒன்றரை அடி உயரத்துக்கு ஒரு படை, அது காய்ந்து இறுகிய பிறகு அடுத்த படை. படைக்கும் படைக்கும் நடுவில் படுக்கைவாக்கில் ஒரு விரிசல் ஓடுவதைப் பார்த்துப் பயந்துவிடக் கூடாது, அது ஒட்டு. அடியில் இரண்டு அடி கனம், மேலே போகப்போகக் குறைகிறது. அடிமானம் கருங்கல், அதுவும் சேற்று மண் வைத்துக் கட்டியது.

ஓடு இறக்குவது சின்ன வேலை மாதிரித் தெரியும். ஒரு ஓடு இரண்டே கால் கிலோவைச் சுற்றி இருக்கும், எங்கள் கூரையில் இரண்டாயிரத்துக்குச் சற்றுக் குறைவு, ஆக மேலே நாலு டன்னுக்குக் குறையாமல் உட்கார்ந்திருக்கிறது. ஒரு சரிவை மொத்தமாக இறக்கிவிட்டு மறு சரிவுக்குப் போனால் சட்டம் பூராவும் ஒரு பக்கமாகத் தள்ளும். அதனால் இரண்டு பக்கமும் ஆள் நின்று, முகட்டிலிருந்து வரிசை வரிசையாகச் சமமாக இறக்கினோம். ஓட்டுக்கு அடியில் தேள் உண்டு, கையுறை போடாமல் ஏற வேண்டாம்.

இறக்கிய ஓட்டை ஒவ்வொன்றாகக் கையில் தூக்கி, விரல் முட்டியால் தட்டிப் பார்த்தோம். நல்ல ஓடு கணீரென்று சத்தம் கொடுக்கும். மயிரிழை விரிசல் இருந்தால் கட்டை தட்டின சத்தம்தான். கண்ணுக்குத் தெரியாத விரிசல்கூடக் காதுக்குத் தெரிந்துவிடுகிறது. பாசியை நார் பிரஷ்ஷால் தேய்த்தோம், தண்ணீர் பீச்சும் மெஷினை வைத்து அடிக்கவில்லை. அந்த வேகத்துக்கு ஓட்டின் மேல்தோல் போய்விடும், அடுத்த மழையிலிருந்து தண்ணீர் குடிக்க ஆரம்பிக்கும். பத்தில் எட்டு ஓடு தேறியது. நூறு வருஷத்துச் சரக்குக்கு அது மோசமில்லை.

குறைந்ததற்குப் பழைய ஓடு தேடி அலைந்தேன். புது ஓடு வாங்கலாம்தான். ஆனால் ஆலைக்கு ஆலை நீளமும் வரம்பும் அரை அங்குலம், கால் அங்குலம் மாறும். பழைய ஓட்டின் தாடையில் புது ஓடு உட்காராது. வேறு வழியில்லாமல் கலந்து போட்டே ஆக வேண்டுமென்றால், ஒரு சரிவு முழுக்க ஒரே கம்பெனி ஓடாக வைத்துக்கொண்டு ஓடு உட்காரும் குறுக்குச் சட்டமான ரீப்பரின் இடைவெளியை அதற்குத் தக்க அடிக்க வேண்டும். நாங்கள் கிழக்குச் சரிவில் பழைய காமன்வெல்த் ஓட்டையே முழுக்கப் போட்டு, மேற்குச் சரிவின் வடக்கு ஓரத்தில் மட்டும், வேறு கம்பெனிப் பழைய ஓட்டைச் சேர்த்தோம்.

மரம் பூராவும் பனை. மோட்டுவளையும் பனை, அதிலிருந்து சுவருக்கு இறங்கும் சட்டங்களான கைகளும் பனை. பனைக்கு மற்ற மரத்தைப் போல உள்ளே வைரம் கிடையாது. வெளி ஓரம்தான் கருப்பாக இரும்பு மாதிரி இருக்கும், உள்ளே சோறு. அதனால்தான் முற்றிய மரத்தைப் பிளந்து, சோற்றைச் செதுக்கி எறிந்துவிட்டு, ஓரத்தை மட்டும் கை ஆக்குவார்கள். நடுவில் எந்தக் கைக்கும் ஒன்றும் ஆகவில்லை. சுவருக்குள் புதைந்திருந்த அடிமுனைகள்தான் மக்கியிருந்தன. காற்றுப்படாத இடம், மேலே உடைந்த ஓட்டின் ஒழுக்கு, பக்கத்தில் ஈரச் சுவர். செல் அரிக்க வேறென்ன வேண்டும்?

ஆசாரி ஒவ்வொரு கையையும் உளியின் பின்பக்கத்தால் தட்டிக்கொண்டே போனார். "இதெல்லாம் மாத்தோணும்னு யாருங்க சொன்னது? முனைய மட்டும் அறுத்து ஒட்டுப் போட்டாப் போதுமுங்க" என்றார். மக்கிய முனையை அறுத்து, இரண்டடி நீளத்துக்குச் சாய்வாகச் செதுக்கி, பழைய பனங்கைத் துண்டை அதன்மேல் படுக்க வைத்து இரண்டு போல்ட் முடுக்கினார். முனைக்கு முந்திரித்தோட்டு எண்ணெய் இரண்டு கை. சுவருக்குள் சொருகுகிற இடத்தில் பக்கவாட்டில் ஒரு விரல் இடைவெளி விட்டோம், காற்றுப் போகட்டும் என்று.

ஒட்டுப் போடும் பனையை, இடித்துக் கிடந்த ஒரு வீட்டிலிருந்து வாங்கினேன். புதிதாகப் பனை வெட்டுவது இப்போது லேசில்லை. 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே, பனை வெட்ட கலெக்டர் அனுமதி வேண்டும் என்று அறிவித்துவிட்டார்கள். அது நல்லதுதான். அதிலும் கைக்கு ஆகிற மாதிரி முற்றிய மரம் என்றால் ரெண்டு தலைமுறை கண்டிருக்க வேண்டும்.

இனி சுவர். உண்மையான வேலை இங்கேதான்.

மேற்குச் சுவரின் அடி மூன்றடி உயரத்துக்கு, யாரோ எப்போதோ சிமென்ட் பூசியிருந்தார்கள். வெளியே பார்த்தால் திடமாக இருந்தது. தட்டினால் டொப்பென்ற சத்தம். ஒரு இடத்தில் உடைத்ததும் பின்னாலிருந்து மண் மாவாகக் கொட்டியது, கூடவே வெள்ளையாக உப்பு. சிமென்ட் தோல் மட்டும் தனியாக நிற்கிறது, சுவர் அதற்குள்ளே கரைந்து போயிருக்கிறது. மண் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சத்தான் செய்யும். உறிஞ்சியதை வெளியே விட்டுவிட்டால் ஒரு கேடும் இல்லை. சிமென்ட் அதை விடாது. ஈரம் இன்னும் மேலே ஏறும். தண்ணீரோடு வந்த உப்பு தோலுக்குப் பின்னால் படிகமாகி மண்ணைத் தள்ளித் தள்ளி உதிர்க்கும்.

இவ்வளவு உப்பு எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு வடக்கு இருட்டறையில்தான் பதில் கிடைத்தது. பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் ஒருத்தர், எண்பதைத் தாண்டியவர், வேலை நடப்பதைக் கேள்விப்பட்டு வந்தார். அறைக்குள் தலையை விட்டு மூக்கை உறிஞ்சிவிட்டு, "இன்னும் வாசம் போகலை பாரு கண்ணு. புகையிலை அம்பாரம் போட்ட ரூம்புல்ல இது" என்றார். அவர் சொன்ன பிறகு எல்லாம் தானாக விளங்கியது. சுவரெல்லாம் இடுப்பு உயரத்துக்குப் பழுப்புக் கறை. ஜன்னல் இல்லை. ஒரு ஆள் குனிந்து நுழைகிற வாசல்.

பழைய கோயமுத்தூர் ஜில்லாவில் வட்டக்கப்பல், ஊசிக்கப்பல் என்று மெல்லுகிற புகையிலை ரகங்கள் பேர் பெற்றவை. செடியைத் தண்டோடு அறுத்து, வாடவிட்டு, வெயிலில் பந்தல் கட்டித் தொங்கவிட்டு, அப்புறம் உள்ளே கொண்டுவந்து அம்பாரமாக அடுக்குவார்கள். அடுக்கியது உள்ளே சூடேறும். பிரித்து, மேலே இருந்ததைக் கீழேயும் கீழே இருந்ததை மேலேயும் மாற்றி மறுபடி அடுக்க வேண்டும். கருப்பட்டித் தண்ணீர் தெளிப்பதும் உண்டு. காற்றுப் பட்டால் இலை முறுகி நொறுங்கிவிடும், பதம் போய்விடும். இருட்டும் புழுக்கமும் அந்த அறைக்குக் குறையல்ல, அதற்காகத்தான் அறையே.

உப்புக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றால், மெல்லுகிற புகையிலைக்கு உப்புத்தண்ணீர் கிணறுதான் தோது என்று எங்கள் பக்கம் தேடிப் பாய்ச்சினார்கள். எங்கள் கிணறும் அப்படித்தான். அதே தண்ணீரில்தான் கட்டுத்தரையைக் கழுவினார்கள், அதே தண்ணீரில்தான் சுவருக்கு மண் குழைத்திருப்பார்கள். புகையிலைக்கு நல்ல விலை வாங்கிக் கொடுத்த தண்ணீர் சுவரின் அடியைத் தின்றுகொண்டிருந்தது. சிமென்ட் வருகிறவரை அந்த உப்பு மேல்பூச்சில் பூத்து உதிர்ந்துகொண்டிருந்திருக்கும், சாணி மெழுகும்போது அதோடு போயிருக்கும். ஆகவே எங்கள் வேலைக்குக் குடிதண்ணீர்தான் என்று முடிவு செய்தேன். லாரித் தண்ணீர் வாங்கினேன். மாமா அன்றைக்குக் கட்டிலை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே போய்விட்டார்.

சிமென்ட்டை முழுக்கக் கொத்தி எடுத்து, சுவரை வெயிலில் காயவிட்டு, பூத்த உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி வெளியே அள்ளிக் கொட்டினோம். ஈரத்துணியால் துடைத்தால் உப்பு திரும்ப உள்ளேயே போகும். அரித்துப்போன இடம் ஆழமாக இருந்தது. அதில் ஈர மண்ணை அப்படியே அப்பினால் காயும்போது சுருங்கி, பழைய சுவரை விட்டு விலகி நிற்கும். அதனால் முதலில் பச்சைக்கல் அறுத்தோம். விழுந்த சுவரின் மண்ணில் உப்புப் படியாத மேல்பாகத்தை எடுத்துக்கொண்டோம். கண்ணாடிப் பாட்டிலில் பாதி மண்ணும் பாதி தண்ணீரும் போட்டுக் குலுக்கி வைத்தால், மணல் உடனே அடியில் தங்கும், களி மெதுவாக மேலே படியும். களி ஐந்தில் ஒரு பங்கு இருந்தது. அது போதும், மணல் சேர்க்கத் தேவைப்படவில்லை. வைக்கோலைத் துண்டு துண்டாக நறுக்கிப் போட்டு, மிதித்து, மூடிப் புளிக்க வைத்து, மறுபடி மிதித்துக் கல் அறுத்தோம். காய்ந்த கல்லைக் குழிக்குத் தக்கபடி வெட்டி, பழைய சுவரை நனைத்து, மெல்லிய சேற்றில் பதித்தோம். சுருங்க வேண்டியதெல்லாம் முன்னமே சுருங்கிவிட்டதால் ஒட்டு பிரியவில்லை.

மேல்பூச்சு சுண்ணாம்பு. எங்கள் நிலத்தில் ஒரு அடி தோண்டினால் சுக்கான் கல் வரும். அந்தக் காலத்தில் அதையே பொறுக்கிச் சூளை வைத்துச் சுட்டார்கள். சுக்கானில் களியும் கலந்திருப்பதால் அந்தச் சுண்ணாம்பு ஈரத்திலும் இறுகும். பழைய செங்கல் வரிசையின் சாந்தைச் சுரண்டிப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் சின்னச் சின்னக் கட்டி தெரியும், அது இந்தச் சரக்குதான். இப்போது சுக்கான் சுட ஆள் கிடையாது. நான் சுட்ட கற்சுண்ணாம்பை வாங்கித் தொட்டியில் போட்டு நீற்றினேன். நீற்றும்போது தண்ணீர் கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் கண் போகும். கண்ணாடி போடாமல் பக்கத்தில் நிற்க வேண்டாம், சின்னப் பிள்ளைகளை அண்டவிட வேண்டாம். நீற்றியதைச் சல்லடையில் வடித்து, தண்ணீர் மேலே நிற்கும்படி சில வாரம் மூடி வைத்தால் வெண்ணெய் பதத்துக்கு வரும்.

சுண்ணாம்பு ஒன்று, மணல் மூன்று. ஊறவைத்த கடுக்காய்த் தண்ணீர், கொஞ்சம் கருப்பட்டி. இந்தக் கருப்பட்டியைப் பற்றி ஒரு பேச்சு பேசுவார்கள், கிலோக் கணக்கில் போட்டதுபோல. அவ்வளவு போட்டால் பூச்சு நாள் கணக்கில் இறுகாது, எறும்பு மொய்க்கும். சாந்து கரண்டியில் வழவழப்பாக ஓடுவதற்குத்தான் அது, ஒரு சட்டிக்கு ஒரு கைப்பிடி தாராளம்.

கொத்தனார் நல்ல வேலைக்காரர், ஆனால் சிமென்ட்டில் பழகிய கை. "ஒரே ஒரு சட்டி சிமென்ட் கலந்துக்கலாமுங்க, சீக்கிரம் புடிக்கும்" என்று தினம் ஒரு தடவை கேட்பார். நான் அவரை அழைத்துப்போய், உடைத்துப் போட்ட பழைய சிமென்ட் பொருக்கையும் அதன் பின்னால் ஒட்டியிருந்த உப்பையும் காட்டினேன். "அப்பச் சரிங்க" என்றார். மறுநாள் வேறு மாதிரி கேட்டார்.

மண் சுவரின் மேல் சுண்ணாம்பு தானாகப் பிடிக்காது. சுவரில் சாய்வாகச் சின்னக் குழிகள் கொத்தி, நனைத்து, நீர்த்த சுண்ணாம்பை ஒரு கை அடித்து, அது காய்வதற்குள் பூச வேண்டும். கனமாக ஒரே பூச்சு கூடாது, மெல்லியதாக இரண்டு. தை, மாசியில் செய்ததால் ராத்திரிப் பனி உதவியது. இதையே ஆனியில் செய்திருந்தால் காற்று ஒரு மணி நேரத்தில் உலர்த்தி வலை வலையாக வெடிக்க வைத்திருக்கும். அப்படியும் பகலில் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டோம். சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை வாங்கித்தான் மறுபடி கல்லாக மாறுகிறது, அதற்கு ஈரமும் வேண்டும், அவகாசமும் வேண்டும். உள்பக்கம் சுண்ணாம்பு போடவில்லை. மண் பூசிச் சாணி மெழுகியதோடு சரி. புகையிலை அறையில் அதுவும் இல்லை, கறையைத் தொடவே இல்லை.

கட்டுத்தரைக்கு வந்தால், பெரிய கருங்கல் பலகைகளை மேற்கிலிருந்து கிழக்கே லேசான சரிவில் பாவியிருக்கிறார்கள். மாட்டு மூத்திரம் ஒரு கல் வாய்க்காலில் சேர்ந்து, சுவரோரத் துளை வழியாக வெளியே எருக்குழிக்குப் போகும். அந்தத் துளையை மண் மூடியிருந்தது, அவ்வளவுதான். தோண்டி விட்டதும் தண்ணீர் ஓடியது. சாய்ந்த பலகைகளை நெம்புகோலால் தூக்கி மணல் போட்டுச் சரி செய்தோம்.

நான் கவனித்தது வேறு. கட்டுத்தரையில் மாடு கட்டுகிற முளைக்கல் ஆறுதான். அந்தக் காலத்தில் வீட்டில் இருபது உருப்படிக்குக் குறையாமல் மாடு இருந்ததாக அம்மா சொல்வார். மற்றவை எங்கே? கொறங்காட்டில். கிளுவை வேலி போட்டு அடைத்த மேய்ச்சல் நிலம், உள்ளே கொழுக்கட்டைப் புல், நிழலுக்கு வெள்வேல். பசுவும் கிடாரியும் ராப்பகலாக அங்கேதான். சாளைக்குள் வருவது வேலை செய்கிற காங்கயம் காளைகள், கன்று போட்ட மாடு. கவலை ஓட்டுகிற, அதாவது கிணற்றிலிருந்து தண்ணீர் இழுத்து இறைக்கிற எருதுக்கு ராத்திரித் தீனி கணக்குப் பார்த்துப் போட வேண்டும், அதற்குத்தான் ஒவ்வொரு முளைக்கும் தனித்தனிக் காடி, அதாவது தீனித் தொட்டி. ஒரு முளைக்கல்லில் மட்டும் கயிறு ஓடி ஓடி ஒரு விரல் ஆழத்துக்குப் பள்ளம் விழுந்திருக்கிறது. கருங்கல்லில். மாமா சொல்கிறார், அது பாயும் மாட்டுக்குக் கட்டி வைத்த இடமாம்.

மேற்குச் சுவரில் ஆளுயரத்துக்கு மேலே அடித்திருந்த தடித்த மர முளைகளுக்கும் அப்போதுதான் அர்த்தம் கிடைத்தது. கவலையின் வடக்கயிறும் வால்தோலும் எலி கடிக்காமல் தொங்குவதற்கு. எருதுகள் கிணற்றோரச் சரிவான வாரியில் இறங்கும்போது தண்ணீர் மொள்ளும் சால் மேலே வரும், பின்னோக்கி ஏறும்போது சால் கிணற்றுக்குள் போகும். விடிவதற்கு முன்னே தொடங்கி வெயில் ஏறும்வரை அதே வேலை. பைக்காரா மின்சாரம் 1932இல் வந்த பிறகு கோயமுத்தூர்ப் பக்கம் மோட்டார் பரவியது. எங்கள் தோட்டத்துக்கு அது வர இன்னும் வருஷங்கள் ஆனது, நடுவில் ஆயில் எஞ்சின் காலம் ஒன்று இருந்தது. தவச அறை வாசலில் கல் முழுக்க ஊறிய கருப்பு எண்ணெய்க் கறை அந்த எஞ்சினுடையது. பெட்ரோல் ஊற்றித் தேய்த்தும் போகவில்லை, பிறகு விட்டுவிட்டேன்.

தவச அறைத் தரை மற்ற இடத்தைவிட ஒன்றரை அடி உயரம். அங்கே பலகைக் கல்லைத் தட்டிக்கொண்டு வந்தபோது ஒன்று மட்டும் குடம் மாதிரி ஒலித்தது. சுற்றிலும் சேறு வைத்துப் பூசிய தடம். நெம்பினால் கீழே வாய் குறுகி வயிறு பெருத்த ஒரு குழி. சோளம் கொட்டி வைத்த தவசக் குழி. அடியிலும் பக்கத்திலும் சோளத்தட்டு மக்கிய கருப்புப் படலம் இன்னும் ஒட்டியிருந்தது. நன்றாகக் காய்ந்த சோளத்தைக் கொட்டி, மேலே தட்டையும் உமியும் போட்டு, கல்லை மூடி, சேறு பூசிவிட்டால் உள்ளே இருக்கிற பிராணவாயு கொஞ்ச காலத்தில் தீர்ந்துவிடும். புழு, வண்டு எதுவும் பிழைக்காது. மருந்து, மாத்திரை இல்லாமல் வருஷக்கணக்கில் தவசம் நிற்கும், ஒரு மக்கல் வாசம் மட்டும் ஏறும்.

வண்டைக் கொல்வது ஆளையும் கொல்லும். மூடிக் கிடந்த குழியைத் திறந்ததும் இறங்கக் கூடாது. நாங்கள் ஒரு பகல் முழுக்கத் திறந்து வைத்து, பிறகு கயிற்றில் விளக்கைக் கட்டி அடி வரை இறக்கிப் பார்த்தோம். விளக்கு அணையாமல் நின்றது. அதற்குப் பிறகும் யாரையும் இறங்க விடவில்லை, மேலிருந்தே அளந்தோம்: ஆழம் ஏழடி, வயிற்றுப் பக்கம் ஐந்தடி. கல்லை மறுபடி மூடியாயிற்று. கான்கிரீட் போட்டு நிரப்பினால் தரை பலமாக இருக்கும் என்று கொத்தனார் சொன்னார். அந்தத் தரை இத்தனை வருஷம் சோள மூட்டையையும் எஞ்சினையும் தாங்கியது போதாதா?

ஓடு ஏற்றியது மாசிக் கடைசியில். முகட்டு ஓட்டைச் சுண்ணாம்புச் சாந்தில் பதித்தோம். சித்திரையில் ஒரு கோடை மழை ஆலங்கட்டியோடு கொட்டியது. கிழக்குச் சரிவில் ஒரு சொட்டும் இல்லை. மேற்கே, வேறு கம்பெனி ஓடு சேர்த்த ஓரத்தில் மட்டும் ஒழுகியது. அந்த இரண்டு வரிசையை எடுத்து, ரீப்பரைக் கால் அங்குலம் கீழே தள்ளி அடித்ததும் நின்றது. ஆடிக் காற்றிலும் முகட்டு ஓடு அசையவில்லை. மேற்குச் சுவரின் அடியில் இப்போது மறுபடி வெள்ளையாக உப்புப் பூக்கிறது. பூக்கட்டும். அது வெளியே வருகிறது என்று அர்த்தம். வருஷத்துக்கு ஒரு தடவை பிரஷ் போட்டு, இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை சுண்ணாம்பு அடித்தால் போதும்.

மாமா இரண்டு மாட்டைக் கொண்டுவந்து கட்டியிருக்கிறார். தகரக் கொட்டகை பற்றிப் பேச்சில்லை, ஆனால் ஓட்டில் 1865 போட்டிருப்பதை வருகிறவர்களுக்கெல்லாம் இன்னும் காட்டிக்கொண்டிருக்கிறார். பாக்கி இருப்பது புகையிலை அறைக் கதவுதான். கீல் இல்லாத குடுமிக் கதவு அது. மேலும் கீழும் கல்லில் தோண்டிய குழியில் குடுமி சுழலும். கீழ்க் குடுமி தேய்ந்து கதவு ஒரு விரல் இறங்கிவிட்டதால், திறக்க வேண்டுமானால் தூக்கித் தள்ள வேண்டும். ஆசாரி அதற்கு இரும்புப் பூண் அடித்துத் தருகிறேன் என்றிருக்கிறார். கல்யாண சீசன் வேலையெல்லாம் முடியட்டும் என்கிறார்.